வெக்ட்ரெக்ஸை இன்றைக்கு வாங்கலாமா?

நெட்டுக்குத்தான திரையோடு கறுப்பாக ஒரு பெட்டியைப் பழைய கேம் கடையில் பார்த்தேன், டிவி எதுவும் இணைக்காமலே அதில் கேம் ஓடியது, பெயர் வெக்ட்ரெக்ஸ் என்றார்கள், சில நூறு டாலர் விலை சொல்கிறார்கள், எமுலேட்டரில், அதாவது பழைய மெஷினைப் போலவே கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கிற மென்பொருளில், சும்மாவே ஆட முடிகிற ஒன்றுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல நிலையில் இருந்தால் வாங்குங்கள். வேறு பழைய கன்சோல் எதற்கும் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அடாரி 2600, நிண்டெண்டோ, சேகா எல்லாவற்றையும் எமுலேட்டரில் ஆடினால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கிடைத்துவிடும். வெக்ட்ரெக்ஸில் பாதிகூடக் கிடைக்காது, அதற்குக் காரணம் அந்தத் திரை.

டிவியும் மானிட்டரும் படம் காட்டுகிற விதம் நமக்குப் பழகிப்போனது. பழைய பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை ஏர் உழுவதைப் போல மேலிருந்து தொடங்கி, ஒரு சால் முடிந்ததும் அதற்குக் கீழே அடுத்த சால் என்று திரை முழுவதையும் ஓட்டிக்கொண்டே வரும். படத்தில் ஒரே ஒரு கோடு இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, அது முழுத் திரையையும் சுற்றியாக வேண்டும். இதற்கு ராஸ்டர் என்று பெயர். வெக்ட்ரெக்ஸில் இருப்பது வெக்டர் திரை, அதில் அந்தச் சுற்றே கிடையாது. எங்கே கோடு வேண்டுமோ அங்கே மட்டும் கற்றை போகும், இந்த முனையில் தொடங்கி அந்த முனைவரை நேராக இழுத்துவிட்டு அடுத்த கோட்டுக்குத் தாவும். கல்லூரி லேபில் மின்னலைகளைத் திரையில் காட்டுகிற சி.ஆர்.ஓ.வைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், அதிலும் கற்றை இப்படித்தான் இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர்கிறது. சி.ஆர்.ஓ.வில் மின்தகடுகள் கற்றையை வளைக்கும், வெக்ட்ரெக்ஸில் டிவியில் இருப்பது போன்ற காந்தச் சுருள் வளைக்கும், வித்தியாசம் அவ்வளவுதான்.

இதனால் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், முதலில் படிக்கட்டு மாதிரி உடையாத சாய்கோடு. புள்ளிகளைச் சேர்த்துச் செய்த கோடு இல்லை என்பதால் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் அது கோடாகவே இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். கற்றை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அந்த இடத்து பாஸ்பர் பூச்சு, அதாவது கற்றை பட்டால் ஒளிர்கிற திரைப் பூச்சு, பளீரென்று எரியும், அதனால் நீங்கள் சுடுகிற குண்டு சுற்றியிருக்கிற கோடுகளைவிடப் பல மடங்கு பிரகாசமாகப் பாயும். சாதாரண எல்.சி.டி. திரையில் வெள்ளைக்கு ஓர் உச்சம் உண்டு, அதற்கு மேல் ஒரு புள்ளியை எரிய வைக்க வழியில்லை. பின்னணிக் கறுப்பும் அப்படித்தான், கற்றை போகாத இடத்தில் ஒளி என்று ஒன்று பிறப்பதே இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் திரையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கோடுகள் மட்டும் மிதக்கும். யூடியூப் வீடியோவில் இது தெரியாது. கேமராவின் வேகமும் கற்றையின் வேகமும் ஒத்துப்போகாமல் படம் துடிதுடிப்பதாகத்தான் பதிவாகும், பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று போய்விடுகிறார்கள்.

இப்படிப்பட்ட திரையை வீட்டுக்குள் கொண்டுவர யாருக்குத் தோன்றியது என்பதைப் புரிந்துகொள்ள காசு போட்டு கேம் ஆடுகிற கூடமான ஆர்கேட் அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1977-ல் சினிமட்ரானிக்ஸ் கம்பெனி 'ஸ்பேஸ் வார்ஸ்' என்ற வெக்டர் ஆட்டத்தை இறக்கியது. 1979-ல் அடாரியின், விண்கற்களைச் சுடுகிற 'ஆஸ்டிராய்ட்ஸ்', 1980-ல் 'பேட்டில்ஸோன்', 1981-ல் வண்ண வெக்டரில் 'டெம்பெஸ்ட்' என்று அமெரிக்க ஆர்கேட்களில் வெக்டர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. வீட்டில் 'ஆஸ்டிராய்ட்ஸ்' ஆட நினைத்தவர்களுக்குக் கிடைத்தது அடாரி 2600 பதிப்பு, அதில் விண்கற்கள் கோடுகளாக இல்லாமல் வண்ணக் கட்டிகளாக இருந்தன. வீட்டு டிவி ராஸ்டர் என்பதால் எந்தக் கன்சோல் கம்பெனியாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க முடியாது. வெக்டர் வேண்டுமென்றால் திரையையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும்.

அதைத்தான் ஜே ஸ்மித்தின் வெஸ்டர்ன் டெக்னாலஜீஸ் செய்தது. கலிபோர்னியாவில் இயங்கிய சின்ன வடிவமைப்பு நிறுவனம், 1979-ல் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனிக்காக மைக்ரோவிஷன் என்ற கையடக்க கேம் மெஷினை வடிவமைத்தவர்களும் இவர்கள்தான். அங்கே வேலை பார்த்த ஜான் ராஸ் போன்றவர்களின் யோசனை, ஆரம்பத்தில் உள்ளங்கை அளவு டியூபில் ஒரு குட்டி ஆர்கேட் என்றுதான் இருந்தது. பொம்மைக் கம்பெனியான கென்னர் முதலில் ஆர்வம் காட்டிவிட்டுப் பின்வாங்கியது. அப்புறம் ஜெனரல் கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக்ஸ், சுருக்கமாக ஜி.சி.இ., என்ற கம்பெனி 1981-ல் எடுத்துக்கொண்டது, திரையும் 9 அங்குலமாக வளர்ந்தது. முதலில் 6502 பிராசஸரை வைத்துத் திட்டமிட்டு, அது போதாது என்று மோட்டரோலா 6809-க்கு மாறினார்கள், நல்ல முடிவு. 1982 ஜூனில் சிகாகோ எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் காட்டி, அந்த வருடக் கடைசியில் 199 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. திரை, ஸ்பீக்கர், கண்ட்ரோலர் எல்லாம் அந்த விலைக்குள். கண்ட்ரோலர் பெட்டியின் அடிப்பகுதியில் மடங்கிப் பொருந்திவிடும், தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடியும் உண்டு.

இனி உள்ளே பார்ப்போம், எனக்கு இந்த மெஷின்மேல் இருக்கிற மரியாதைக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இதன் ரேம் மொத்தமே 1 கிலோபைட். அதிலும் மெஷினின் சொந்தத் தேவை போக, கேம் எழுதுகிறவருக்குச் சுமார் 870 பைட்தான் மிஞ்சும். இவ்வளவு குறைவில் எப்படி என்றால், இது படத்தை எங்கேயும் சேமித்து வைப்பதில்லை. 256-க்கு 256 புள்ளி கொண்ட சாதாரண கறுப்பு வெள்ளைப் படத்தைச் சேமிக்கவே 8 கிலோபைட் வேண்டும், அன்றைய ரேம் விலையில் அது பெரிய செலவு. வெக்ட்ரெக்ஸுக்குத் தேவை எல்லாம் "இங்கிருந்து இவ்வளவு தூரம் இந்தப் பக்கம் இழு" என்ற எண்களின் பட்டியல் மட்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சேமித்த படம் இல்லை என்பதால் ஒவ்வொரு நொடியும் 50 தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தாக வேண்டும். பிராசஸர் ஓடுவது 1.5 மெகாஹெர்ட்ஸில், அதை 50-ஆல் வகுத்தால் ஒரு தடவை படம் வரைவதற்குக் கிடைப்பது 30,000 சுழற்சி, அதாவது பிராசஸரின் துடிப்பு. கோடு வரைவது, எதிரியை நகர்த்துவது, மோதலைப் பார்ப்பது, சத்தம் போடுவது, ஜாய்ஸ்டிக்கைப் படிப்பது எல்லாம் அந்த 30,000-க்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் படம் மினுக்கத் தொடங்கும். எதிரிகள் கூட்டமாக வரும்போது சில ஆட்டங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

கோடு வரைகிற வேலையும் டிஜிட்டல் இல்லை, முழுக்க அனலாக். ஒரு 8-பிட் எண்ணை மின்னழுத்தமாக மாற்றுகிற ஒரே ஒரு சிப், அதன் வெளியீடு இன்டெக்ரேட்டர் சுற்றுகளுக்குப் போய்ச் சீராக ஏறுகிற அழுத்தமாகிறது, அந்த ஏற்றம்தான் கற்றையை நகர்த்துகிறது. கோட்டின் நீளத்தை முடிவு செய்வது எவ்வளவு நேரம் ஏறவிடுகிறோம் என்பது. அதே ஒற்றைச் சிப்பைத்தான் மாற்றி மாற்றி மேல்கீழ், இடவலம், வெளிச்சம், சத்தம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள், ஜாய்ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு அளக்கக்கூட அதுவேதான். சிக்கனம் என்றால் இது. இதன் பக்கவிளைவு, இன்டெக்ரேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், அதனால் அடிக்கடி கற்றையை நடுமையத்துக்குக் கொண்டுவந்து பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். அப்படியும் சில இடங்களில் கோட்டின் முனைகள் சரியாக முட்டாது, எழுத்துகள் லேசாக நடுங்கும், இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோல் இன்னொன்று வரையாது. எமுலேட்டரில் வருகிற கோடுகள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், அந்தக் கச்சிதம்தான் எனக்கு உயிரில்லாமல் தெரிகிறது.

திரை கறுப்பு வெள்ளை. வண்ணத்துக்காக ஒவ்வொரு கேமோடும் ஒரு வண்ண பிளாஸ்டிக் தாள் கொடுத்தார்கள், திரைக்கு முன்னால் செருகிக்கொள்ள வேண்டும். சிலர் இதை மட்டமாகப் பேசுவார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. நீலம் தடவிய தாள் மினுக்கலைக் கொஞ்சம் அடக்குகிறது, ஓரத்து ஓவியங்கள் ஆர்கேட் பெட்டியின் முகப்பை ஞாபகப்படுத்துகின்றன. ஆனால் கேமைப் பழகிய பிறகு தாளை எடுத்துவிட்டு ஒருமுறை ஆடுங்கள், வெறும் கோடுகளின் வெளிச்சம் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜ் எதையும் செருகாமல் சுவிட்சைப் போட்டாலே 'மைன் ஸ்டார்ம்' வரும், மெஷினுக்குள்ளேயே இருக்கிற கேம். ஆஸ்டிராய்ட்ஸின் சாயல் அப்பட்டமாகத் தெரியும், கற்களுக்குப் பதில் கண்ணிவெடிகள். பெரிய வெடி உடைந்தால் நடுத்தரத்தில் இரண்டு, அவை உடைந்தால் சின்னதில் இரண்டிரண்டு. சில வெடிகள் உங்களைத் தேடி வரும், சில உடையும்போது உங்கள்மேல் நெருப்பை ஏவும், சில இரண்டையும் செய்யும். இலவசமாக வந்த கேம்தானே என்று தள்ளிவிடாதீர்கள், இந்த மெஷினுக்கு வந்தவற்றில் முதல் மூன்றுக்குள் இதை வைப்பேன். இதில் பிரபலமான ஒரு கோளாறும் உண்டு, 13-வது களம் வாக்கில் கேம் குழம்பி நின்றுவிடும். அவ்வளவு தூரம் போய்ப் புகார் எழுதியவர்களுக்கு மட்டும் கம்பெனி 'மைன் ஸ்டார்ம் 2' என்ற திருத்திய கார்ட்ரிட்ஜை அனுப்பி வைத்தது. அன்றைக்கு அந்தக் கார்ட்ரிட்ஜ் மிகச் சிலர் கையில்தான் போய்ச் சேர்ந்தது, அதனால் இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள்.

மற்ற கேம்களில் சினிமட்ரானிக்ஸிடம் உரிமம் வாங்கியவை முக்கியம்: 'ஸ்டார் காஸில்', 'ரிப் ஆஃப்', 'ஆர்மர் அட்டாக்', 'ஸ்பேஸ் வார்ஸ்'. இவை ஆர்கேட்டிலேயே வெக்டர் என்பதால் வீட்டுக்கு வந்தபோது எதையும் இழக்கவில்லை, 1982-ல் வேறு எந்த வீட்டுக் கன்சோலிலும் இப்படி ஆடியிருக்க முடியாது. 'ஸ்டார் காஸில்' கட்டாயம் ஆடுங்கள், சுழலும் வளையங்களுக்கு நடுவே இடைவெளி பார்த்துச் சுடுவது இன்றைக்கும் சலிக்காது. ராஸ்டர் ஆட்டங்களையும் கோடுகளாக்கிக் கொண்டுவந்தார்கள், அவற்றில் 'ஸ்க்ராம்பிள்', 'பெர்செர்க்' இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன, 'போல் பொசிஷன்' எனக்குச் சுமார்தான். சொந்தமாகச் செய்தவற்றில் 'வெப் வார்ஸ்', 'ஃபோர்ட்ரஸ் ஆஃப் நார்ஸாட்' இரண்டையும் தவறவிடாதீர்கள். 'ஸ்பைக்' என்றொரு கேம், தனியாகப் பேச்சுச் சிப் எதுவும் இல்லாமல் சாதாரண சவுண்ட் சிப்பை வைத்தே இதில் பாத்திரங்களைப் பேச வைத்திருக்கிறார்கள். 'காஸ்மிக் கேஸம்' இன்னொரு விதத்தில் விசேஷம். வழக்கமாக ஆர்கேட்டிலிருந்து வீட்டுக்குத்தான் கேம் வரும், இது வெக்ட்ரெக்ஸில் பிறந்து 1983-ல் சினிமட்ரானிக்ஸ் மூலம் ஆர்கேட்டுக்குப் போனது.

இவ்வளவு இருந்தும் ஏன் நிலைக்கவில்லை என்றால், நேரம் சரியில்லை. 1983 தொடக்கத்தில் மில்டன் பிராட்லி ஜி.சி.இ.யை வாங்கியது, வாங்கிய சூட்டோடு அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது. கடைகளில் மலிவு விலைக் கார்ட்ரிட்ஜ்கள் குவிந்து கிடந்தன. வெக்ட்ரெக்ஸின் விலையை 150 டாலர் ஆக்கினார்கள், பிறகு 100-க்கும் கீழே இறக்கினார்கள், உள்ளே ஒரு பிக்சர் டியூபை வைத்துக்கொண்டு அந்த விலைக்கு விற்றால் கட்டுப்படியாகுமா? ஜப்பானில் பந்தாய் நிறுவனம் இதை 54,800 யென்னுக்கு விற்றது, அதே 1983-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 14,800 யென்னுக்கு வந்தது. 1984-ல் எல்லாம் முடிந்தது. முடிகிற கட்டத்தில்தான் 3-டி இமேஜர் என்ற கண்ணாடியும் வந்தது, முகத்துக்கு முன்னால் வண்ணப் பட்டைகள் கொண்ட ஒரு வட்டு சுழலும், பாதி கறுப்பு என்பதால் இரண்டு கண்ணும் மாறி மாறித்தான் பார்க்கும், கறுப்பு வெள்ளைத் திரையிலிருந்து வண்ணத்தில் முப்பரிமாணம் தெரியும். அசல் கண்ணாடியின் விலை பெரும்பாலும் மெஷினைவிட அதிகம்.

தாமதமாக இதைக் கண்டுபிடித்ததற்காக நீங்கள் வருத்தப்படத் தேவையே இல்லை, சொல்லப்போனால் அன்றைக்கு வாங்கியவரைவிட உங்கள் கையில் நிறையச் சேரும். 1990-களின் நடுவில் உரிமை மறுபடி ஜே ஸ்மித் தரப்புக்கே வந்தபோது, வியாபாரம் செய்யாதவரை கேம்களையும் கையேடுகளையும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அவர் அனுமதித்துவிட்டார். எந்தக் கம்பெனிக்காரரும் சாதாரணமாகச் செய்யாத காரியம் இது. 1996-ல் ஜான் டோன்ட்ஸிலா 'வெக்டர் வேடர்ஸ்' என்ற புதிய கேமை எழுதி வெளியிட்டார், அதிலிருந்து இன்றுவரை ரசிகர்கள் எழுதுகிற புதுக் கேம்கள் நிற்கவில்லை. அவற்றில் சில 1982-ல் வந்தவற்றைவிடச் சிறந்தவை. கண்டிப்பாக ஒரு மல்டி கார்ட்ரிட்ஜ் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய கேம் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். நீங்களே 6809 பிராசஸருக்கான அசெம்பிளி மொழியில் கேம் எழுத ஆசை இருந்தால் அதற்கும் நல்ல கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

சரி, கடைக்குப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்? நீங்களே போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சத்தக் குமிழைத் திருப்பினால்தான் மெஷின் ஓடத் தொடங்கும், உடனே ஒரு ரீங்காரம் கேட்கும், பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் வயர்களும் திரைச் சுற்றும் சரியான தடுப்பு இல்லாமல் நெருக்கமாக இருப்பதால் வருகிற சத்தம் அது, முதலில் வந்த மெஷின்களில் அதிகம், திரையில் கோடுகள் கூடக்கூட அதன் சுருதியும் மாறும். படம் வராமல் நடுவில் ஒரு புள்ளி மட்டும் எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், கற்றை நகரவில்லை என்று அர்த்தம், டியூபின் பூச்சைச் சுட்டுவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு காப்புச் சுற்று உண்டு, ஆனால் இத்தனை வருடம் கழித்து அதை நம்பி இருக்க முடியாது. படம் ஒரு திசையில் மட்டும் நசுங்கிக் கோடாகிவிட்டால் காந்தச் சுருளை இயக்குகிற ஆம்ப்ளிஃபையர் சிப் போயிருக்கலாம், எல்.எம்.379 என்ற பழைய ஆடியோ சிப் அது, இன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். கோடுகளுக்கு நடுவே தேவையில்லாத மெல்லிய இழைகள் தெரிந்தால் பின்பக்கம் இருக்கிற வெளிச்சக் குமிழைக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். கார்ட்ரிட்ஜை மெஷின் அணைந்திருக்கும்போது மட்டும் செருகுங்கள்.

ரிப்பேர் தெரிந்தவர் என்றாலும் பெட்டியைத் திறக்கும் முன் யோசியுங்கள். பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். பழைய டிவி மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் கொடுப்பது நல்லது, இந்தத் திரையைப் பற்றிக் கேம் கடைக்காரரைவிட அவருக்கு அதிகம் தெரியும். பின்னாளில் ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால், அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் போய்விடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கண்ட்ரோலர் இல்லாமல் வெறும் பெட்டியை மட்டும் விற்கிறார்கள் என்றால் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். விட்டால் தானாக நடுவுக்குத் திரும்புகிற அனலாக் ஜாய்ஸ்டிக், வரிசையாக நான்கு பட்டன், அன்றைக்கு இது வேறு கன்சோலில் கிடைக்காத கட்டமைப்பு, ஒரிஜினலைத் தனியாகத் தேடினால் செலவு கூடும். வண்ணத் தாள்கள் இல்லையென்றால் பரவாயில்லை, புதிதாக அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். டியூப் மட்டும் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றுத் தேடுவது கஷ்டம்.